டிரான்ஸ்பிளான்ட் வார்டுக்குப் போகும் தங்கச்சிக்கு

“நர்ஸ் பதிவுக்கான ஆஸ்கி தேர்வை முடித்துவிட்டேன், இங்கிலாந்தில் சிறுநீரக மாற்று வார்டில் பேண்ட் 5 நர்ஸ் வேலை. எப்போது உறுப்பு மாற்று கோஆர்டினேட்டர் ஆகலாம்? வீடு, குளிர் எல்லாம் எப்படி?” என்று கேட்டிருக்கிறாய். வீடும் குளிரும் போகப் போகப் பழகிவிடும், அதைச் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். நான் வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

கோஆர்டினேட்டர் கனவை இப்போதைக்கு மூட்டை கட்டி வை. அதில் இரண்டு வகை இருப்பதே நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. தானம் தருபவரின் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுகிற நர்ஸ், அரசின் ரத்த, உறுப்பு தான அமைப்பான என்எச்எஸ் பிளட் அண்ட் டிரான்ஸ்பிளான்டின் ஆள். பெரும்பாலும் ஐசியூ அனுபவத்தோடு போனவர்கள். உறுப்பைப் பெறுபவரைப் பார்த்துக்கொள்பவர் அறுவை நடக்கும் மருத்துவமனையின் ஆள். உன் வார்டிலிருந்து இரண்டாவதுக்குத்தான் வழி சுலபம். இங்கே 2020 மே மாதத்திலிருந்து, மறுப்புப் பதியாத பெரியவர்கள், சில விதிவிலக்கு தவிர, தானத்துக்குச் சம்மதித்தவர்களாகக் கருதப்படுகிறார்கள். அதனால் குடும்பத்தைக் கேட்கவே வேண்டாம் என்று சிலர் அளப்பார்கள், நம்பாதே. இன்றும் குடும்பத்திடம் பேசித்தான் செய்கிறார்கள்.

முதலில், புதுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் காக்கும் டாக்ரோலிமஸ் மருந்தைப் படி. ரத்த அளவு பார்க்கும் நாளில் காலை டோஸுக்கு முன்பே ரத்தம் எடுக்க வேண்டும். மாத்திரையை விழுங்கிவிட்டு வந்து கையை நீட்டினால் ரிப்போர்ட் பொய் சொல்லும். அதன் பிராண்டுகளில் புரோகிராஃப் இரண்டு வேளை, அட்வாகிராஃப் ஒரு வேளை. இரண்டும் ஒரே மருந்துதானே என்று மாற்றிக் கொடுத்துவிடாதே. சீட்டில் பிராண்ட் பெயர் இல்லையென்றால் திருப்பிக் கேள்.

அப்புறம் சிறுநீர். முதல் ராத்திரி மணிக்கு மணி அளக்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் அடுத்த மணிக்கான டிரிப். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது சட்டென்று நின்றால், குழாய் மடங்கியிருக்கிறதா, ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா என்று பார். கையோடு டாக்டரைக் கூப்பிடு. இறந்தவரிடமிருந்து வந்த சிறுநீரகம் சில சமயம் சில நாள், சில வாரம்கூட வேலை செய்யாமல் கிடக்கும், அதுவரை டயாலிசிஸ் தொடரும். அது வேறு, ஓடிக்கொண்டிருந்தது நிற்பது வேறு.

கூப்பிடத் தயங்குவதுதான் நம்மவர்களின் வியாதி. அடுத்த படியான பேண்ட் 6 ஆனதும் சிலர், “ராத்திரி டாக்டரை எழுப்பாதே, பேர் கெட்டுவிடும்” என்று புதியவர்களுக்கு உபதேசம் செய்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதே. என்னை அனுப்பிய ஏஜெண்ட் டிக்கெட்டைக் கையில் திணித்ததோடு சரி. இங்கே வந்து போனில் பேசவே பயந்தேன். நேரம், சிறுநீர் அளவு, பிரஷர், எடை எல்லாவற்றையும் துண்டுச் சீட்டில் எழுதி, அதைப் பார்த்துத்தான் பேசுவேன். இப்போது வார்டில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடுகிறார்கள்.

அந்த நாட்களில்தான் ஒரு பஸ் டிரைவர், சிறுநீரகம் கிடைத்திருக்கிறது என்று நடுராத்திரி அழைப்பு வந்து, பையும் கையுமாக வந்து சேர்ந்தார். பட்டினியாகக் காத்திருந்தார். விடிகாலையில், தானம் தந்தவரோடு அவர் ரத்தத்தைப் பொருத்திப் பார்க்கும் கிராஸ்மேட்ச் சோதனை பாசிட்டிவ். அந்தச் சிறுநீரகம் அவருக்கு ஒத்துவராது. சர்ஜன் சொல்லிவிட்டுப் போய்விட்டார், அறையில் மிஞ்சியது நான். என்ன பேசுவதென்று தெரியாமல், டிரிப்புக்காக அவர் கையில் குத்தியிருந்த கேனுலாவைக் கழற்றினேன். அவர் அழவில்லை. “இன்றைக்கு டயாலிசிஸ் வேண்டாமென்று சொல்லிவிட்டேனே, இடம் கிடைக்குமா?” என்றார். சீட்டுகூட எழுதாமல் யூனிட்டுக்குப் போன் அடித்து, மதிய இடம் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். இன்றும் யாரையாவது இப்படித் திருப்பி அனுப்பும்போது அந்த போனை நான்தான் செய்வேன். நீயும் முதல் நாளே டயாலிசிஸ் யூனிட்டின் நேரடி நம்பரை வாங்கி வைத்துக்கொள். சுவிட்ச்போர்டு வழியாகப் போனால் அரை மணி நேரம் பாட்டுதான் கேட்கலாம்.