மேசையை விரித்தால் மழை: மான்செஸ்டரில் தோட்டத்துத் தச்சு வேலை

கேள்வி: மான்செஸ்டரில் இருக்கிறேன். பட்டறை வைக்க இடமில்லை. வீட்டுக்குப் பின்னால் உள்ள சின்னத் தோட்டத்தில் மடக்கு மேசை போட்டு, வார இறுதியில் மரவேலை செய்கிறேன். மேசையை விரித்தால் மழை, மடக்கினால் வெயில். போன மாதம் செய்த ஓக் ஸ்டூலில் கருநீலத் திட்டுகள். வீட்டுக்குள் கொண்டுவந்த சில வாரங்களில், துளையில் செருகிய கழுந்தெல்லாம் ஆடுகிறது. இந்த ஊரில் வெளியில் வேலை செய்ய வழி உண்டா, அல்லது பொழுதுபோக்கையே மாற்றிக்கொள்ளட்டுமா?

பதில்: மாற்ற வேண்டாம். மாற்றி எங்கே போவீர்கள், கிரிக்கெட்டுக்கா? 2023 ஆஷஸ் தொடரின் நான்காவது டெஸ்ட் உங்கள் ஊர் ஓல்ட் டிராஃபோர்டில்தான் நடந்தது. கடைசி நாளில் ஒரு பந்துகூட வீச முடியாமல் மழையிலேயே முடிந்தது. நீங்கள் அன்றைக்கு இரண்டு பலகையாவது இழைத்திருப்பீர்கள்.

அளவை மட்டும் பார்த்தால் மான்செஸ்டர் மழை பெரிய மழையே இல்லை. ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். சென்னையில் ஏறத்தாழ 1,400 பெய்கிறது. ஆனால் சென்னை அதைச் சில மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். மான்செஸ்டரோ 150 நாளுக்குத் தவணை முறையில் தருகிறது. அதனால் மழையே இல்லாத சனிக்கிழமைக்காகக் காத்திருந்தால், உங்கள் அடுத்த ஸ்டூலுக்கு மூன்று கால்தான் முளைத்திருக்கும்.

உங்கள் கழுந்தை ஆட வைத்தது தலையில் விழும் மழை அல்ல. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்களே, அதுதான் இங்கே நடப்பது. வானம் வெளுத்த பிறகும் காற்றில் ஈரம் நிற்கிறது. மழை படாமல் மூடியே வைத்தாலும், பிரிட்டனில் வெளியில் கிடக்கும் மரம் 16 முதல் 20 சதவீத ஈரத்தில் நிலைகொள்ளும். ஹீட்டிங் ஓடும் வீட்டுக்குள் அதே மரம் 10 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். நீளவாட்டில் மரம் அசையாது. அகலவாட்டில்தான் சுருங்கும். 200 மில்லிமீட்டர் அகல ஓக் பலகை இந்த இறக்கத்தில் நாலைந்து மில்லிமீட்டர் வரை குறையலாம். தோட்டத்தில் இறுக்கமாகப் பொருந்திய கழுந்து வரவேற்பறையில் கழன்று வருவது இதனால்தான்.

சரி, என்ன செய்யலாம்? மரம் குடியிருப்பது வீட்டுக்குள் என்று முடிவு செய்யுங்கள். தோட்டத்துக்கு அது விருந்தாளி மட்டுமே. வாங்கிவந்த பலகையைச் சில வாரம் வீட்டுக்குள்ளேயே, காற்று புக இடையில் குச்சி கொடுத்து அடுக்கிவையுங்கள். அறுப்பது, இழைப்பது, தேய்ப்பது என்று சத்தமும் தூசியும் கிளப்பும் வேலைகளுக்கு மட்டும் வெளியே எடுத்துப் போங்கள். தூசி விஷயத்தில் தோட்டம் எந்த அறையையும்விட மேல், முகக்கவசத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். வேலை முடிந்ததும் மரத்தை உள்ளே கொண்டுவாருங்கள். கழுந்தைக் கடைசியாகச் சீவிப் பொருத்துவதும் பசை போடுவதும் சமையலறையில் நடக்கட்டும் (வீட்டில் அனுமதி வாங்குவது உங்கள் பொறுப்பு). வெள்ளைப் பசைகள் பலவற்றுக்குப் பத்து டிகிரியாவது வெப்பம் வேண்டும். குறைந்தால் சுண்ணாம்புத் தூள் மாதிரி வெளுத்துப்போகும், பிடிக்காது. குளிர்காலத்தில் உங்கள் தோட்டம் அந்தப் பத்தைத் தொடும் நாட்கள் குறைவு.

தார்ப்பாய் கட்டுவீர்கள் என்று நினைக்கிறேன். நான்கு மூலையையும் சமமாக இழுத்துக் கட்டாதீர்கள். நடுவில் நீர் தேங்கி, நீங்கள் மிகக் கவனமாக உளி பிடித்திருக்கும் நொடி பார்த்து மொத்தமும் கழுத்தில் இறங்கும். நடுவே ஒரு கயிறு ஓட்டி, இரு பக்கமும் சரிவாகத் தொங்கவிடுங்கள். மின்கருவி என்றால் தார்ப்பாயை நம்பக் கூடாது. முடிந்தவரை பேட்டரிக் கருவிகளையே பயன்படுத்துங்கள், தூறல் விழுந்தால் அவையும் உள்ளே போகட்டும். வயர் உள்ள கருவிக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.டி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம்.

அந்தக் கருநீலத் திட்டு பூஞ்சை அல்ல என்பது என் ஊகம். ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய உண்டு. ஈரமும் இரும்பும் சேர்ந்தால் அது மைக்கறையாகிவிடும். நனைந்த இழைப்புளியை மேலே வைத்தாலும், பக்கத்தில் உளி சாணை பிடித்த இரும்புத்தூள் விழுந்தாலும் போதும். ஆக்ஸாலிக் அமிலக் கரைசலைத் தடவினால் கறை போய்விடும். அது நச்சு, எனவே கையுறையும் கண்ணாடியும் அணிந்து தடவி, பிறகு நீரால் நன்றாகக் கழுவுங்கள். அடுத்த முறை ஓக்குக்குத் துருப்பிடிக்காத எஃகு அல்லது பித்தளைத் திருகாணி போடுங்கள். கருவிகளை வேலை முடிந்ததும் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள்.

அப்புறம், இந்த ஊர் வானிலைக்கே ஏற்ற வழி ஒன்று இருக்கிறது. நான் அதைத்தான் அதிகம் சிபாரிசு செய்வேன்: பச்சை மரத்தில் வேலை செய்யுங்கள். தென்கிழக்கு இங்கிலாந்தின் சில்டர்ன் குன்றுகளில், பீச் மரக் காடுகளில் 'பாட்ஜர்' என்ற கடைசல்காரர்கள் இருந்தார்கள். ஒரு கம்பத்தின் வளைவையும் தங்கள் காலையும் கொண்டே ஓட்டும் கடைசல் எந்திரத்தைக் காட்டிலேயே நிறுத்தி, பச்சைக் கட்டையில் நாற்காலிக் கால் கடைந்து, ஹை விக்கம் ஊர்த் தொழிற்சாலைகளுக்கு அனுப்பினார்கள். அந்த ஊர்க் கால்பந்து அணிக்கு இன்றும் 'நாற்காலிப் பையன்கள்' என்றுதான் செல்லப்பெயர். பச்சை மரம் ஏற்கெனவே ஈரம். தூறல் அதை என்ன செய்துவிடும்? மின்சாரம் வேண்டாம், தூசி கிளம்பாது, கத்தியும் சுலபமாக இறங்கும். உங்களை ஏமாற்றிய அதே சுருக்கம் இங்கே உங்கள் கூலியாள்: நன்றாகக் காயவைத்த கழுந்தை, இன்னும் ஈரம் இருக்கும் காலில் துளைத்து அடித்தால், கால் காயக் காயக் கழுந்தை இறுக்கிக்கொள்ளும்.

முதலில் ஒரு கரண்டி செதுக்குங்கள். பக்கத்துத் தோட்டத்தில் பிர்ச் அல்லது சிக்கமோர் கிளை வெட்டினால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். கட்டையை நடுவில் பிளந்து, அதன் மையத்தில் உள்ள மென்மையான பகுதியை நீக்கிவிட்டுச் செதுக்குங்கள். முடிந்ததும் அதன் சீவல்களோடு காகிதப் பையில் போட்டுச் சில நாள் மெதுவாகக் காயவிடுங்கள். அவசரப்பட்டு ரேடியேட்டர் மேல் வைத்தால் வெடித்துவிடும்.