'ஹூ'வுக்குப் பின்னால் ஈஸா, ஆரா?

வணக்கம் சார்,

அலுவலகத்தில் ஒருவருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினேன். 'ஷீ ஈஸ் ஒன் ஆஃப் தோஸ் எஞ்சினியர்ஸ் ஹூ ஆர் நெவர் லேட்' என்று ஒரு வரி. மேலாளர் 'ஆர்' என்பதை அடித்து 'ஈஸ்' ஆக்கிவிட்டார். ஒரு பெண்ணைப் பற்றித்தானே பேச்சு, ஒருமைதான் வரும் என்கிறார். யார் சொல்வது சரி? அப்புறம், இந்த 'ஹூ ஈஸ்', 'ஹூ ஆர்' இரண்டையும் விட்டுவிட்டே எழுதுகிறார்களே, அது எப்போது செல்லும்?

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

இலக்கணப்படி நீங்கள் எழுதியதுதான் சரி. அதற்காக மேலாளரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

தாமதமே செய்யாத எஞ்சினியர்கள் என்று ஒரு கூட்டம். அதில் இவர் ஒருவர். 'ஹூ' சுட்டுவது அந்தக் கூட்டத்தை, ஆகவே 'ஆர்'. 1926இல் வந்த தன் ஆங்கிலப் பயன்பாட்டு அகராதியில் ஃபௌலர் இதைக் கறாராகவே சொன்னார். ஆனால் ஆங்கிலத்தில் நன்றாக எழுதுகிறவர்களே மனம் அந்த 'ஒன்'னில் நின்றுவிடுவதால் 'ஈஸ்' போடுவதுண்டு. பிந்தைய பயன்பாட்டு நூல்கள் சில அதையும் ஏற்றுக்கொண்டன. 'த ஒன்லி ஒன் ஆஃப்' என்று தொடங்கினால் மட்டும் 'ஈஸ்'தான். அங்கே கூட்டமே ஒருவராகச் சுருங்கிவிடுகிறது.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இதில் தடுமாற இன்னொரு காரணமும் இருக்கிறது. 'வந்த நான்', 'வந்த நீ', 'வந்த அவர்கள்' - யார் வந்தாலும் 'வந்த' மாறுவதில்லை. பெயரெச்சத்தில் காலமும் செயலும் தெரியும், பால் எஞ்சி நிற்கும் என்று நன்னூல் சொல்வது இதைத்தான். ஆங்கிலத்தில் 'ஹூ'வுக்குப் பின்னால் வருவதோ முழு வினை. முன்னே நிற்பது யார் என்று பார்த்து அது உருமாற வேண்டும். மற்ற வினைகள் நிகழ்காலத்தில் ஒரு 'ஸ்' சேர்ப்பதோடு விட்டுவிடும். இறந்தகாலத்தில் எல்லோருக்கும் 'ஹூ கேம்'தான். 'பீ' மட்டும் ஆம், ஈஸ், ஆர், வாஸ், வேர் என்று வேஷம் மாற்றிக்கொண்டே இருக்கும்.

1611ஆம் ஆண்டு ஆங்கில பைபிளில் 'அவர் ஃபாதர் விச் ஆர்ட் இன் ஹெவன்' என்று வருகிறது. 'ஆர்ட்' என்பது 'நீ'க்கு உரிய பழைய வடிவம். தந்தையை நேரே கூப்பிட்டுப் பேசுவதால், நடுவில் 'விச்' வந்தும் வினை முன்னிலையிலேயே நிற்கிறது. தமிழில் அது 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே'. 'இருக்கிற' என்பதில் முன்னிலையும் இல்லை, படர்க்கையும் இல்லை. கடைசியில் வரும் 'பிதாவே' என்ற விளிதான் அந்த வேலையைச் செய்கிறது.

அதே கணக்கில் 'இட் ஈஸ் ஐ ஹூ ஆம் ரெஸ்பான்சிபிள்' என்பதும் சுத்தமான இலக்கணம். பேச்சில் 'இட்ஸ் மீ ஹூஸ் ரெஸ்பான்சிபிள்' என்பார்கள். என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம், 'ஐ ஆம் ரெஸ்பான்சிபிள்' போதும்.

இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பின்னால் 'ஸ்டேண்டிங் தேர்', 'இன் த ரூம்' போல ஒரு தொடர் வந்தால் 'ஹூ ஈஸ்' இல்லாமலே ஓடும்: 'த மேன் ஸ்டேண்டிங் தேர்'. 'டால்' போல ஒற்றைப் பெயரடை வந்தால் பெரும்பாலும் ஓடாது. 'த மேன் டால்' கிடையாது, 'த டால் மேன்' என்று முன்னால் கொண்டுபோக வேண்டும். உங்கள் வரியில் 'ஆர்' போட்டாலும் 'ஈஸ்' போட்டாலும் 'ஹூ'வோடு அப்படியே விட்டுவிடுங்கள். 'எஞ்சினியர்ஸ் நெவர் லேட்' என்றால் தந்தி மாதிரி இருக்கும்.