லண்டனில் உட்கார்ந்து சென்னை கம்பெனிக்கு வேலை: வரி யாருக்கு?

உங்கள் கேள்வி இது: மனைவிக்கு ஸ்கில்டு வொர்க்கர் விசா, நீங்கள் டிபென்டன்ட்டாக ஆகஸ்ட் 20 இரவு கிளம்புகிறீர்கள். சென்னை கம்பெனி லண்டனிலிருந்தே வேலை பார்க்கச் சம்மதித்துவிட்டது. வருடத்துக்கு 24 லட்சம், வழக்கம்போல டிடிஎஸ் போக சென்னை வங்கிக் கணக்குக்கு வரும். 183 நாள் வரை இங்கிலாந்தில் வரி இல்லை என்கிறார்களே, சரியா?

உங்களுக்குச் சரியில்லை. இந்தியா–பிரிட்டன் இரட்டை வரி ஒப்பந்தத்தின் 16-ஆம் பிரிவில் 183 நாள் சலுகை இருப்பது உண்மைதான். ஆனால் அது இந்தியாவிலேயே வரிக்குடியிருப்பு (வரிக்கணக்கில் இந்த நாட்டுவாசி என்ற நிலை) வைத்துக்கொண்டு கொஞ்ச நாளுக்குப் போய்வருகிறவருக்கானது. அவருக்கும் மூன்று நிபந்தனைகள் சேர்ந்தே பொருந்த வேண்டும்: அந்த வரி ஆண்டில் 183 நாளைத் தாண்டக் கூடாது, சம்பளம் கொடுப்பவர் பிரிட்டன் நிறுவனமாக இருக்கக் கூடாது, அந்தச் சம்பளத்தைப் பிரிட்டனில் வரி கட்டும் எந்தத் தொழிலும் தன் செலவாகக் கழிக்கக் கூடாது. ஊரில் எல்லோரும் முதல் நிபந்தனையை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

நாள் கணக்கிலேயே நீங்கள் தேறவில்லை. பிரிட்டனின் வரி ஆண்டு ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை. நள்ளிரவு 12 மணிக்கு அந்த நாட்டில் இருந்தால் அது ஒரு நாள். ஆகஸ்ட் 21-இல் இறங்கினால் ஏப்ரல் 5-க்குள் 228 நாள். டிசம்பரில் மூன்று வாரம் ஊருக்குப் போய் வந்தாலும் 200-க்கு மேல். 183 எட்டினாலே தானாக வரிக்குடியிருப்பாளர். நவம்பரில் போனால் தப்பலாமே என்று யோசிக்க வேண்டாம். 183-க்குக் கீழே இருந்தாலும் ஒரே வீடு அங்கே இருப்பது, முழுநேர வேலை அங்கே நடப்பது என்று வேறு சோதனைகள் பிடித்துக்கொள்ளும்.

சம்பளம் எந்த வங்கிக்கு வருகிறது என்பது பிரிட்டனுக்குப் பொருட்டே இல்லை. லேப்டாப்பைத் திறந்து வேலை செய்த இடம் லண்டன் என்றால் அது பிரிட்டன் வருமானம்.

இந்தியப் பக்கம்தான் சிக்கல் அதிகம். நிதியாண்டில் 182 நாள் இருந்தால் குடியிருப்பாளர். அது இல்லாவிட்டாலும் 60 நாளும், முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாளும் இருந்தால் குடியிருப்பாளர்தான். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வருமானவரிச் சட்டத்திலும் இந்தக் கணக்கு மாறவில்லை. ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 20 வரை உங்களுக்கு 142 நாள். இரண்டாவது சோதனையில் மாட்டுகிறீர்கள். ஆனால் வெளிநாட்டில் வேலைக்காக நாட்டைவிட்டுக் கிளம்பும் இந்தியக் குடிமகனுக்கு அந்த 60 நாள், 182 ஆகிவிடுகிறது. பிறகு விடுமுறைக்கு வந்து தங்கும் நாட்களும் இதே கணக்கில் சேரும் என்பதை மறக்காதீர்கள். டிசம்பரில் மூன்று வாரம் என்றால் 163. அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

டிபென்டன்ட் விசாவில் போகிறவர் வேலைக்காகப் போனேன் என்று சொல்ல முடியுமா? கம்பெனியே அனுப்பிவைத்தவருக்கு இந்தச் சலுகை உண்டு என்று 2006-இல், வரிச் சந்தேகங்களுக்கு முன்கூட்டியே விடை சொல்லும் முன்தீர்ப்பு ஆணையம் சொல்லியிருக்கிறது. குடும்பத்தோடு போய் பழைய வேலையைத் தொடர்கிறவர் நிலை அவ்வளவு கெட்டி இல்லை. அதனால் கிளம்புவதற்கு முன்பே எச்ஆரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். ஆகஸ்ட் 21 முதல் பணியிடம் லண்டன் என்று அதில் தேதியோடு இருக்க வேண்டும். ‘ஒர்க் ஃப்ரம் ஹோம் அனுமதி’ என்று ஒற்றை வரி மெயில் போதாது.

அப்படியும் இரு நாடுகளும் உங்களை உரிமை கொண்டாடினால் ஒப்பந்தத்தின் 4-ஆம் பிரிவு தீர்த்துவைக்கும். முதலில் பார்ப்பது நிரந்தர வீடு எங்கே என்று. சென்னை ஃப்ளாட்டைப் பூட்டி சாவியை மாமனாரிடம் கொடுத்துவிட்டுப் போனால், அது இன்னும் உங்கள் கைக்கு எட்டும் வீடு. வாடகைக்கு விட்டு ஒப்பந்தம் போட்டால் இல்லை. லண்டனில் மட்டும் வீடு என்றால் கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

பெரும்பாலோர் பணத்தைத் தொலைப்பது டிடிஎஸ்ஸில். சென்னையில் பிடித்த வரியை லண்டன் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று நம்பிவிடுகிறார்கள். பிரிட்டன் வரித்துறையான எச்எம்ஆர்சி ஒப்புக்கொள்ளாது. பிரிட்டன் குடியிருப்பாளர் லண்டனில் செய்த வேலைக்கு, ஒப்பந்தப்படி பிரிட்டன் மட்டும்தான் வரி போட முடியும். இந்தியா பிடித்தது பிடிக்கக் கூடாத வரி. அதை இந்தியாவிடமே திருப்பிக் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு எச்எம்ஆர்சியிடமிருந்து வரிக்குடியிருப்புச் சான்றிதழ் வேண்டும். அதோடு இந்திய இணையதளத்தில் ஒப்பந்தச் சலுகைக்கான படிவம் (பழைய சட்டத்தில் 10எஃப்), பிறகு ஐடிஆர்-2 என்ற வருமானவரிக் கணக்குப் படிவம். கம்பெனி தரும் சம்பள டிடிஎஸ் சான்றிதழில் (பழைய சட்டத்தில் படிவம் 16) வருடச் சம்பளம் மொத்தமாக இருக்கும். எந்தத் தேதிவரை சென்னை, எதிலிருந்து லண்டன் என்று மாதவாரியாகப் பிரித்த கடிதம் இல்லாவிட்டால் ரீஃபண்ட் நின்றுவிடும். ஐடிஆர் கடைசி நாள் ஜூலை 31, பிரிட்டனுக்கோ ஜனவரி 31. ஜனவரிவரை தூங்கிவிட்டு சான்றிதழ் கேட்டால் ஐடிஆர் தேதி எப்போதோ போயிருக்கும். ஏப்ரல் 5 முடிந்த கையோடு பிரிட்டன் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள்.

எண்களைப் பாருங்கள், பயம் குறையும். பவுண்டு 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 24 லட்சம் 20,000 பவுண்டு. முதல் 12,570-க்கு வரி இல்லை. மீதி 7,430-க்கு 20 சதவீதம், 1,486 பவுண்டு. நேஷனல் இன்சூரன்ஸ் (பிரிட்டனின் சமூகப் பாதுகாப்புச் சந்தா) 8 சதவீதம், 594. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டரை லட்சம் ரூபாய். அதே சம்பளத்துக்கு இந்தியாவில் புதிய முறையில் டிடிஎஸ் 2,92,500. அதாவது முழு வருடக் கணக்கில் லண்டன் வரி குறைவு. இரண்டையும் கட்டினால்தான் முதுகு ஒடியும்.

வந்த ஆண்டுக்கு ஸ்பிளிட் இயர் என்று, வரி ஆண்டை வருகைக்கு முன், பின் என இரண்டாகப் பிரிக்கும் ஒரு வசதி உண்டு. வருகிறவர்களுக்கான வகைகளில் ஒன்று பொருந்தினால் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை சென்னையில் சம்பாதித்ததை பிரிட்டன் தொடாது. அதற்காக 12,570 விலக்கும் குறையாது. பொருந்தினால் தானாகவே உண்டு, ஆனால் பிரிட்டன் வரிக்கணக்கில் அதைக் குறிப்பிட வேண்டும். லண்டன் வீட்டு வாடகை ஒப்பந்தத்தைப் பத்திரமாக வையுங்கள்.

உங்கள் கம்பெனிக்கு பிரிட்டனில் அலுவலகம் இல்லை என்றால் சம்பளத்தில் வரி பிடித்துக் கட்ட அங்கே யாரும் இல்லை. எச்எம்ஆர்சியிடம் டிபிஎன்ஐ என்ற திட்டத்தில் உங்கள் பெயரிலேயே பதிந்து வரியையும் இன்சூரன்ஸையும் நீங்களே கட்டும் வழி இருக்கிறது. கம்பெனி அனுப்பிவைத்த ஊழியருக்கு உள்ள இன்சூரன்ஸ் விலக்கு, தானாக வந்தவருக்குக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். செல்ஃப் அசெஸ்மென்ட் (நீங்களே வரிக்கணக்குத் தாக்கல் செய்யும் முறை) பதிவுக்கு, வரி ஆண்டு முடிந்தபின் வரும் அக்டோபர் 5 கடைசி. ஜனவரி 31 தாண்டினால் எடுத்த எடுப்பில் 100 பவுண்டு அபராதம்.

டிசம்பரில் ஊருக்கு வந்து அம்மா வீட்டிலிருந்து லாக்-இன் செய்தால் அந்த நாட்களின் சம்பளம் இந்திய வருமானம். கம்பெனி இந்தியாவில் இருப்பதால் 183 நாள் சலுகை இந்தப் பக்கமும் உதவாது. இந்த நாட்களின் இந்திய வரியை மட்டும் லண்டனில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே எந்த நாள் எந்த நாட்டில் வேலை செய்தீர்கள் என்று ஒரு எக்ஸெல் தாள், கூடவே போர்டிங் பாஸ்.

பிபிஎஃப் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, பிரிட்டனில் உண்டு. முந்தைய பத்து ஆண்டுகள் பிரிட்டன் குடியிருப்பாளராக இல்லாதவருக்கு வெளிநாட்டு வருமானத்தில் நான்கு ஆண்டு விலக்கு 2025 ஏப்ரலில் வந்திருக்கிறது. ஆனால் அதைக் கேட்டால் 12,570 போய்விடும். உங்கள் சம்பளத்துக்கு, கொஞ்ச வட்டிக்காக அதைக் கேட்பது நஷ்டம்.

கடைசியாக சென்னை வங்கிக் கணக்கு. அந்நியச் செலாவணிச் சட்டம் நாள் எண்ணிக்கொண்டிருக்காது. வேலைக்காகக் கிளம்பியதுமே நீங்கள் வெளிநாடுவாழ்பவர், சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (வெளிநாடுவாழ் இந்தியர் இந்தியாவில் வைக்கும் ரூபாய்க் கணக்கு) ஆக்க வேண்டும். அதன் வட்டியில் 30 சதவீதம் பிடிப்பார்கள், மேலே செஸ். எச்எம்ஆர்சி தந்த அதே வரிக்குடியிருப்புச் சான்றிதழைக் காட்டினால் ஒப்பந்தப்படி 15. சம்பளத்தை என்ஆர்ஓவில் வாங்காமல் லண்டன் கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள். இந்தியாவில் கையில் பெற்ற பணம் என்று சொல்லி வரி கேட்க அதிகாரிக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. தீர்ப்பாயம்வரை போனால் ஜெயித்தவர்கள் உண்டு, ஆனால் அதற்கு ஆகும் வருடங்களும் ஆடிட்டர் ஃபீஸும் உங்களுடையவை.