மேட்ச் குண்டு மான் வேட்டைக்கு ஆகுமா?

கேள்வி: வேளச்சேரியில் இருக்கிறேன். ஏழு வருடமாக கிளப்பில் 50 மீட்டர் ப்ரோன் (படுத்துக்கொண்டு சுடுவது) சுடுகிறேன். டிசம்பரில் டெக்சாஸ் போகிறேன். அங்கே என் மச்சான் ஒரு பண்ணையில் மான் வேட்டைக்கு ஏற்பாடு செய்திருக்கிறார். அவருடைய .308 ரைபிளுக்கு 168 கிரெய்ன் எடைக் குண்டு கொண்ட மேட்ச் தோட்டா, அதாவது இலக்குப் போட்டிக்கான தோட்டா, பெட்டி பெட்டியாக வைத்திருக்கிறார். "இதைவிடத் துல்லியமான தோட்டா கிடையாது. முனையில் ஓட்டைகூட இருக்கு, உடம்புக்குள்ள விரியுற ஹாலோ பாயின்ட்தான், மானுக்கு இதுவே போதும்" என்கிறார். அவர் சொல்வது சரிதானா?

பதில்: சரியில்லை. வேட்டைக்கென்றே செய்த தோட்டா வாங்கி வைக்கச் சொல்லுங்கள். 20 தோட்டா கொண்ட பெட்டிகள் இரண்டு இருந்தால் உங்கள் பயணத்துக்குத் தாராளம். ஆனால் மச்சானின் வாதம் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். அதனால் அது எங்கே சறுக்குகிறது என்று பார்த்துவிடுவோம்.

அதற்கு முன்னால் ஒன்று. நான் எழுதுவதெல்லாம் டெக்சாஸுக்கு மட்டும். இங்கே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. வேடிக்கை என்னவென்றால், நீங்கள் கிண்டி வழியாகப் போகும்போது வேலிக்கு அந்தப் பக்கம் மேயும் அதே புள்ளிமானைத்தான் 1932-இல் டெக்சாஸுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே அதற்கு ஆக்சிஸ் டீர் என்று பெயர். அயல்நாட்டு விலங்கு என்பதால் அதைச் சுட அங்கே பருவக் கட்டுப்பாடு கிடையாது. நில உரிமையாளரின் சம்மதமும் வேட்டை லைசென்ஸும் போதும். உங்கள் மச்சான் ஏற்பாடு செய்திருப்பது அதுவாகவும் இருக்கலாம், அந்த ஊர் வெள்ளைவால் மானாகவும் இருக்கலாம். தோட்டா விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே பதில்தான்.

இனி அந்த ஓட்டைக்கு வருவோம். கொழுக்கட்டை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாவைக் கிண்ணமாக்கி, பூரணத்தை வைத்து, விளிம்பை மேலே குவித்து மூக்கு வைப்பார்கள். மேட்ச் குண்டும் (தோட்டாவில் குழலை விட்டுப் பறந்து போகும் பகுதிதான் குண்டு) அப்படித்தான். செம்புக் கலவை உறையைக் கிண்ணம்போல இழுத்து, உள்ளே ஈயத்தை வைத்து, மேல்வாயைக் கூராகக் குவிப்பார்கள். கடைசியில் முழுவதும் மூடாமல் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை மிஞ்சும். ராணுவத்தின் முழு உறைக் குண்டு இதற்கு நேர்மாறு: முனை மூடியிருக்கும், அடிப்பக்கத்தில் ஈயம் தெரியும். குண்டு குழலை விட்டு வெளியேறும் கணத்தில் அதன் அடிப்பாகம் வழவழப்பாகவும் ஒரே சீராகவும் இருந்தால்தான் திசை பிசகாது. அந்தச் சீரான அடிப்பாகத்துக்காகத்தான் கொழுக்கட்டை முறை. துளை அதன் மிச்சம். சதைக்குள் விரிவதற்காக வைத்தது இல்லை.

இதற்கு நல்ல சாட்சி ராணுவச் சட்டத்தில் இருக்கிறது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உள்ள டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில் 1890-களில் முனையில் ஈயம் தெரியும் குண்டுகள் செய்தார்கள். உடலுக்குள் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று 1899-இல் ஹேக் பிரகடனம் வந்தது. பிற்பாடு அமெரிக்க ராணுவத்தின் ஸ்னைப்பர்கள் இதே மேட்ச் குண்டைப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி எழுந்தது. 1990-இல் அவர்களுடைய சட்டத்துறை தந்த கருத்து: முனைத் துளை துல்லியத்துக்காக வந்தது, விரிவதற்காக இல்லை, ஆகவே பயன்படுத்தலாம். விரியும்படி செய்த குண்டு இல்லை என்பதால்தான் போருக்கு அனுமதி. அதையே காரணம் காட்டி வேட்டைக்கு வேண்டாம் என்கிறேன் நான்.

மானின் உடலில் குண்டு செய்ய வேண்டிய வேலை என்ன? நெஞ்சுக்குள் நுழைந்ததும் முன்பாதி காளான்போல விரிந்து, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அகலமாகி, நுரையீரலையும் இதயத்தையும் கிழிக்க வேண்டும். பின்பாதி சிதறாமல் முன்னே போய்க்கொண்டே இருக்க வேண்டும். இப்படி நடந்தால் மான் சில நொடிகளில் விழும். அதற்காகவே வேட்டைக் குண்டின் உறை முன்னால் மெல்லியதாகவும் பின்னால் தடித்தும் இருக்கும். நோஸ்லர் பார்ட்டிஷன் என்று 1948 முதல் விற்கிற ஒரு குண்டில் நடுவே ஒரு தடுப்புச் சுவரே உண்டு.

மேட்ச் குண்டில் இப்படி எந்த ஏற்பாடும் இல்லை. அதனால் என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சில சமயம் துளை அடைபட்டு, கம்பியால் குத்தியதுபோல மறுபக்கம் போய்விடும். சில சமயம் உள்ளே புரண்டு பெரிய காயம் செய்யும். அருகில் இருந்து சுட்டு, தோள் எலும்பில் பட்டால் அங்கேயே துகள் துகளாக உடைந்து, நெஞ்சுக்குப் போகாமலே நின்றுவிடவும் கூடும். ஒரே பெட்டியில் இருந்து எடுத்த மூன்று தோட்டா மூன்று விதமாக நடந்துகொள்ளலாம்.

முதல் வகையைப் பற்றி இன்னும் கொஞ்சம். கொல்லிமலை வல்வில் ஓரியின் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்துக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். அரசனைப் புகழ அது அழகு. இன்றைய வேட்டைக்காரனுக்கு அது தலைவலி. சிறிய துளையில் ரத்தம் அதிகம் சொட்டாது, அடிபட்ட மான் புதருக்குள் ஓடும், தடம் பிடிக்க வழியிருக்காது. ஆஸ்திரேலியாவில் நண்பர் ஒருவர் இப்படிச் சுட்ட மானை டார்ச் வெளிச்சத்தில் தேடினோம். மறுநாள் காலைதான் கிடைத்தது. அந்த இரவை நினைத்தால் இன்னும் எனக்கு உறுத்தல்தான்.

"மேட்ச் குண்டில் எத்தனையோ பேர் மான் அடித்திருக்கிறார்களே" என்று மச்சான் சொல்வார். உண்மைதான், அடித்திருக்கிறார்கள். ஆனால் விழுந்த மானுக்குப் போட்டோ இருக்கும். காயத்தோடு ஓடிப்போனது யார் கதையிலும் வராது. மேட்ச்கிங் குண்டைச் செய்யும் சியரா நிறுவனமே அதை வேட்டைக்குப் பரிந்துரைப்பதில்லை. விற்பவரே வேண்டாம் என்னும்போது நாம் ஏன் வாதாட வேண்டும்?

துல்லியம் பற்றிய வாதமும் இங்கே எடுபடாது. உங்கள் 50 மீட்டர் இலக்கில் பத்தாம் வளையம் 10.4 மில்லிமீட்டர். மானின் நெஞ்சில் குறிவைக்கும் பரப்போ ஏறக்குறைய 20 சென்டிமீட்டர், ஒரு டிபன் தட்டு அளவு. 150 மீட்டர் தள்ளி நின்றாலும் உங்கள் 50 மீட்டர் கணக்குக்கு அது ஆறரை சென்டிமீட்டர். சாதாரண வேட்டைத் தோட்டாவே 100 மீட்டரில் மூன்று, நான்கு சென்டிமீட்டர் வட்டத்துக்குள் அடுத்தடுத்துப் படும். உங்களுக்குச் சிக்கல் வரப்போவது வேறு இடத்தில். புல் இடுப்பளவு இருந்தால் ப்ரோனில் படுத்தால் ஒன்றும் தெரியாது. உட்கார்ந்தும், முட்டி போட்டும், கம்பில் ரைபிளைத் தாங்கியும் இப்போதிருந்தே பழகுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. இலக்குக் குண்டு செய்யும் நிறுவனங்களே அதே வடிவத்தில் வேட்டைக்கும் தனியாகச் செய்கின்றன. பெர்கர் நிறுவனத்தின் வேட்டை வகைக்கு உறை மெல்லியது, டார்கெட் வகைக்குத் தடிமன். ஹார்னடியில் இ.எல்.டி. மேட்ச் இலக்குக்கு, இ.எல்.டி.-எக்ஸ் வேட்டைக்கு. இரண்டுக்கும் சிவப்பு பிளாஸ்டிக் முனைதான், பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். என்னைக் கேட்டால், 150 அல்லது 165 கிரெய்னில், முனையில் ஈயம் தெரியும் சாதாரண சாஃப்ட் பாயின்ட் போதும். விலையும் குறைவு.

வாங்கினால் மட்டும் போதாது, ரைபிளை அந்தத் தோட்டாவுக்கு மறுபடி ஜீரோ செய்ய வேண்டும், அதாவது குறிவைத்த இடத்திலேயே படும்படி ஸ்கோப்பைத் திருத்த வேண்டும். குண்டு மாறினால் படும் இடமும் மாறும். மேட்ச் தோட்டாவுக்கு வைத்த ஸ்கோப் அமைப்பை நம்பிக் காட்டுக்குள் போகாதீர்கள். ஒரு பெட்டியை ரேஞ்சிலேயே செலவழித்துவிடுங்கள். மச்சானின் மேட்ச் பெட்டிகள் வீணாகாது. ட்ரிகர் பழக அவற்றைச் சுடுங்கள்.

ஆனால் ரைபிளைத் தொடுவதற்கு முன்பே லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். விசிட்டர் விசாவில் போகிறவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் அந்தத் தடைக்கு விலக்கு உண்டு. ரேஞ்சுக்குப் போவதும் அதற்குப் பிறகுதான். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் டெக்சாஸில் வேட்டைப் பயிற்சிச் சான்றும் தேவை. அதை ஆன்லைனில் முடிக்கலாம். லைசென்ஸில் வகைகள் உண்டு. எந்த மான் என்று பண்ணையில் கேட்டுவிட்டு எடுங்கள்.

கறி சமைப்பதாக இருந்தால், காயத்தைச் சுற்றி ஒரு சாண் அளவு வெட்டி எறியச் சொல்லுங்கள். ஈயத் துகள்கள் கண்ணுக்குத் தெரியாமல் தூரம் வரை தெறித்திருக்கும். வீட்டில் சின்னக் குழந்தைகளோ கர்ப்பிணிகளோ இருந்தால் முழுச் செம்புக் குண்டே வாங்குங்கள்.

அப்புறம், மீனம்பாக்கம் போகும் முன் பையைக் கொட்டிப் பாருங்கள். கிளப்புக்கு எடுத்துப்போகும் பையாக இருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஜிப்புக்குள் எப்போதோ விழுந்த ஒரே ஒரு .22 தோட்டா ஸ்கேனரில் தெரிந்தால் போதும், ஆயுதச் சட்டம், காவல் நிலையம் என்று உங்கள் விமானம் போய்விடும். திரும்பும்போதும் நினைவுக்கு என்று காலித் தோட்டா எதையும் எடுத்து வராதீர்கள்.