கேரவனில் குடும்ப விடுமுறை: முதன்முறை புறப்படுவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

பிரிட்டனில் வாழும் நம் குடும்பங்களில் சில இந்தக் கோடையில் முதன்முறையாகக் கேரவனை, அதாவது கட்டிலும் அடுப்பும் கொண்ட இழுவை வண்டியை, காரில் பூட்டிக்கொண்டு புறப்படவிருக்கின்றன. அவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த அளவில் விளக்கம் தருகிறேன். அலைச்சல் இல்லாத விடுமுறை என்பது பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே, எடையையும் தூரத்தையும் முடிவு செய்யும்போதே தீர்மானமாகிவிடுகிறது என்பதே என் கருத்து.

கேள்வி (ஹரோ, ஒரு தந்தை): எங்களுக்கு ஐந்து வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஒரு வாரத்தில் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவு வரை கேரவனை இழுத்துச் சென்று திரும்பலாமா?

பதில்: முதல் பயணத்துக்கு வேண்டாம் என்றே சொல்வேன். லண்டனிலிருந்து ஸ்கை அறுநூறு மைலுக்கு மேல். கேரவனை இழுக்கும் கார் மோட்டார்வேயில் மணிக்கு 60 மைலையும், நடுத்தடுப்பு இல்லாத சாலையில் 50 மைலையும் தாண்டக் கூடாது. மூன்று தடங்கள் உள்ள மோட்டார்வேயில் வலது ஓரத் தடத்துக்கும் செல்லக் கூடாது. ஆகவே வரைபடச் செயலி காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கையாவது கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். ஏழு நாளில் நான்கு நாள் சாலையில் கழிந்தால் பிள்ளைகளுக்கு அது விடுமுறையே அல்ல.

உங்களுக்குத் தென் இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் வனப்பகுதி பொருத்தமாக இருக்கும். இரண்டரை மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். சாலையோரத்திலேயே குதிரைகள் மேய்வதைப் பிள்ளைகள் பார்க்கலாம். ஆனால் அவற்றுக்குத் தீனி கொடுப்பது 2023 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எங்கே போனாலும் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். பின்னோக்கி ஓட்டிக் கேரவனை அதன் இடத்தில் நிறுத்தப் பழகாதவர்கள் இருட்டில் அதைச் செய்ய நேர்ந்தால், களைப்பும் பதற்றமும் சேர்ந்து கணவன் மனைவிக்குள் வார்த்தை தடித்து, முதல் மாலையே கெட்டுப்போகும்.

கேள்வி (லூட்டன்): என் காரின் எடை 1,600 கிலோ. 1,800 கிலோ வரை இழுக்கலாம் என்று கையேட்டில் இருக்கிறது. அப்படியானால் 1,700 கிலோ கேரவன் எடுக்கலாம் அல்லவா?

பதில்: இழுக்க முடிவது வேறு, நிம்மதியாக இழுப்பது வேறு. சாமான்களோடு சேர்த்துக் கேரவனின் எடை, காரின் எடையில் 85 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது என்பதே புதியவர்களுக்குக் காலங்காலமாகச் சொல்லப்படும் அறிவுரை. உங்கள் காருக்கு அது 1,360 கிலோ.

நான்கு பேர் படுக்கக்கூடிய பல கேரவன்களில் நீங்கள் ஏற்றக்கூடிய சாமான் 150 கிலோவை ஒட்டியே இருக்கும். உடைகள், பாத்திரங்கள், கேரவன் வாசலோடு இணைக்கும் முன்கூடாரம், மடக்கு நாற்காலிகள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நாமோ பத்துக் கிலோ அரிசி, இட்லிக் கொப்பரை, தோசைக்கல், ஊறுகாய்ப் போத்தல்கள் என்று எடுத்து வைப்பவர்கள். அரிசியைப் போய்ச் சேர்ந்த ஊரில் வாங்கிக்கொள்ளலாம். குழாயடியிலிருந்து நீரை உருட்டிக் கொண்டுவரும் தொட்டியான தண்ணீர் உருளையையும் காலியாகவே கொண்டுசெல்லுங்கள். அதன் 40 லிட்டர் நீர் 40 கிலோ.

கனமான பொருள்களைத் தரையோடு, சக்கர அச்சுக்கு மேலே வையுங்கள். கேரவனைக் காரோடு பூட்டும் கொக்கியின்மீது இறங்கும் பாரம் கேரவனின் மொத்த எடையில் 5 முதல் 7 விழுக்காடு வரை இருக்க வேண்டும். காரின் கொக்கிக்கு விதிக்கப்பட்ட வரம்பையும் அது மீறக் கூடாது. பின்புறம் பாரம் ஏறினால் கேரவன் பாம்புபோல் நெளியத் தொடங்கும். அப்படி நேர்ந்தால் வேகமிதியிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி வேகம் தானாகக் குறைய விடுங்கள். பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள்.

கேள்வி: நான் 2004இல் கார் ஓட்டுநர் உரிமம் பெற்றவன். கேரவன் இழுக்கத் தனித் தேர்வு எழுத வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 16 முதல் சாதாரணக் கார் உரிமத்திலேயே 3,500 கிலோ வரை இழுக்கலாம். எனினும் ஒரு நாள் பயிற்சி வகுப்புக்குச் செல்லுங்கள். அந்தச் செலவு வீண்போகாது. கேரவன் காரைவிட அகலமானால் கூடுதல் பக்கக் கண்ணாடிகளும் கட்டாயம்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. அவர் கேரவன் கட்டிலிலேயே படுத்துக்கொண்டு வரலாமா?

பதில்: கூடவே கூடாது; சட்டமும் அனுமதிக்காது, உயிருக்கும் ஆபத்து. அவரைக் காரின் முன்இருக்கையில் அமர்த்தி, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, சற்று நடக்க வையுங்கள்.

கேள்வி: யார்க்ஷயரில் திர்ஸ்க் வழியாகக் கடற்கரை ஊரான ஸ்கார்பரோ செல்கிறோம். சாலையில் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

பதில்: முக்கியமாக ஒன்று உண்டு. ஏ170 சாலையில் உள்ள சட்டன் பேங்க் ஏற்றம் நான்கு அடிக்கு ஓரடி உயரும். அங்கே கேரவன்களுக்குத் தடை. கார்களுக்கான வழிகாட்டிச் செயலி இதை அறியாமல் உங்களை நேராக அங்கே கொண்டுபோய் விடலாம். யார்க், மால்டன் வழியாக ஏ64 சாலையில் செல்லுங்கள்.

கேள்வி (லெஸ்டர், ஒரு தாய்): ரைஸ் குக்கரைப் போட்டால் மின்சாரம் நின்றுவிடும் என்கிறார்கள். அங்கும் நான்தான் சமைத்துக் கழுவ வேண்டும் என்றால் எனக்கு ஏது விடுமுறை?

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியைக் குடும்பத்தார் அனைவரும் படிக்க வேண்டும். முதலில் மின்சாரம். கேரவன் முகாமில் மின்சாரம் தரும் தூணில் 10 ஆம்பியர் இணைப்பு என்றால் ஏறத்தாழ 2,300 வாட்தான் கிடைக்கும். வீட்டுக் கெட்டில் ஒன்றே 3,000 வாட் வரை இழுக்கும். 700 வாட் ரைஸ் குக்கர் தனியாக ஓடும்போது தொல்லை தராது. அதே நேரத்தில் ஹீட்டரையும் கெட்டிலையும் போடாமல் இருந்தால் போதும். மின்கம்பியைச் சுருளிலிருந்து முழுவதும் அவிழ்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் சூடேறும். கேஸ் அடுப்பில் சமைக்கும்போது கூரைச் சன்னல் திறந்திருக்கட்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம் இருக்கட்டும். பார்பிக்யூ அடுப்பை, தணல் அணைந்ததுபோல் தெரிந்தாலும், உள்ளே எடுத்து வராதீர்கள்.

இனி உங்கள் விடுமுறை. முதல் இரவுச் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள். புளிச்சோறும் துவையலும் அதற்கு நன்றாக இருக்கும். மறுநாளிலிருந்து ஒருவேளைச் சமையலுக்குமேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். தண்ணீர் உருளையைக் குழாயடியிலிருந்து உருட்டி வருவது பிள்ளைகளுக்கு விளையாட்டு. கேரவன் கழிப்பறையின் கழிவு சேரும் பெட்டியை அதற்குரிய இடத்தில் கொட்டிக் கழுவுவதும் பாத்திரங்களை முகாமின் கழுவுமிடத்துக்கு எடுத்துச் செல்வதும் உங்கள் கணவரின் பொறுப்பு. இந்தப் பங்கீட்டைப் புறப்படுவதற்கு முன்பே எல்லோரையும் உட்காரவைத்துப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.