மருந்து யாருக்கு ஒத்துக்கொள்ளாது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மனச்சோர்வுக்காக மருத்துவர் எஸ்சிட்டலோபிராம் எழுதிக்கொடுத்து இரண்டு வாரமாகிறது. பக்கவிளைவுகளின் பட்டியலைப் படித்தபின் அட்டையைப் பிரிக்கவே தைரியம் வரவில்லை. யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது மரபணுச் சோதனையில் முன்கூட்டியே தெரிந்துவிடும் என்கிறார்களே, அதைச் செய்துகொண்டு தொடங்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மனம் சோர்ந்து கிடப்பவருக்கு ஒரு மாத்திரையை விழுங்குவதுகூட மலையாகத் தெரியும் என்பதை அறிவேன். ஆனால் இரண்டு வாரமாக மருந்தைத் தொடவில்லை என்பதை எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லாமல் எனக்குச் சொல்கிறீர்களே, இது என்ன நியாயம்?

சோதனை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இம்மருந்தைக் கல்லீரலில் சிதைப்பதில் முக்கியப் பங்கு சிஒய்பி2சி19 என்ற நொதிக்கு உண்டு. பிறப்பிலேயே அது மந்தமாக இருப்பவர்களின் ரத்தத்தில் மருந்து கூடுதலாகத் தேங்கும் என்பதால், அளவைத் தீர்மானிக்கச் சோதனை உதவும். தேங்கிய மருந்து உங்களை என்ன செய்யும் என்பதை அது சொல்லாது. மருத்துவர் கேட்டால் செய்துகொள்ளுங்கள்.

என்னை உறுத்திக்கொண்டிருப்பது வேறொன்று. மரபணுவோ கணினியோ, எதை வைத்துக் கணித்தாலும் அந்தக் கணிப்பு முன்பு மருந்து உண்டவர்களின் பதிவுகளிலிருந்துதான் வரவேண்டும். பக்கவிளைவுகளைப் பொறுத்தவரை அந்தப் பதிவுகளில் இருப்பதோ பெரும்பாலும் நோயாளி வாய்விட்டுச் சொன்னதுதான். ஸ்பெயினில் இவ்வகை மருந்துகளை உண்ட 344 பேரிடம் செய்து 1997இல் வெளியான ஆய்வொன்றில், பாலுறவுச் சிக்கல் இருப்பதாகத் தாமாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 14 சதவீதம். மருத்துவர் நேரடியாகக் கேட்டபோது அது 58 சதவீதமானது. மருந்தும் மாறவில்லை, மனிதர்களும் மாறவில்லை, ஒரு கேள்வி கூடியது, அவ்வளவுதான்.

என் நண்பர் ஒருவர் இதே சிக்கலை மனைவியிடமும் சொல்லாமல், மருத்துவரிடமும் சொல்லாமல், ஒருநாள் மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டார். அடுத்த சில நாட்கள் தலைசுற்றலும், கண்ணைத் திருப்பினால் மண்டைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வும் அவரைப் படுத்தி எடுத்தன. பிறகு தன் மருத்துவச் சீட்டுகளைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் ‘பக்கவிளைவு ஏதுமில்லை’ என்றே எழுதியிருந்தது. ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்டார்களாம், ‘பரவாயில்லை’ என்றாராம். இத்தகைய சீட்டுகளை லட்சக்கணக்கில் சேர்த்து எந்த இயந்திரத்திடம் கொடுத்தாலும், அது நண்பரைப் போன்ற இன்னொருவருக்கு ஒன்றும் நேராது என்றுதானே சொல்லும்?

கேட்டால் இல்லாததும் இருப்பதாகத் தோன்றும் என்பார்கள். உண்மைதான், ஆய்வுகளில் வெற்று மாத்திரை உண்டவர்களும் வாய் வறள்கிறது என்று முறையிட்டிருக்கிறார்கள். போதாததற்கு, தூக்கமின்மையும் ஆசைக்குறைவும் மனச்சோர்வே தருபவை. ஆகவேதான் முதல் மாத்திரைக்கு முன்பே கேட்டுக் குறித்துவைக்க வேண்டும் என்கிறேன். முந்தைய நிலை தெரியாமல் எது நோயால் வந்தது, எது மருந்தால் வந்தது என்று எவரால் பிரிக்க முடியும்?

நாளையே மருத்துவரிடம் போங்கள். தூக்கம், வயிறு, பதற்றம், தாம்பத்தியம் இவை இன்று எப்படி இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். குடும்பத்தில் எவருக்கேனும் இருதுருவ மனநோய் (மிகை உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வருவது) இருந்திருந்தால் அதையும், உண்டுவரும் மற்ற மருந்துகளையும், குறிப்பாக வலி மாத்திரைகளையும், மறைக்காமல் சேருங்கள். வலி மாத்திரைகளில் சில இம்மருந்தோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். வயதை நீங்கள் எழுதவில்லை. 25க்குக் கீழே என்றால் முதல் சில வாரங்கள் தற்கொலை எண்ணம் தலைகாட்டுகிறதா என்று வீட்டில் ஒருவர் கவனித்துக்கொள்ள வேண்டும். அதை இன்றே அவரிடம் சொல்லிவையுங்கள்.