தராசு வாங்கிவிட்டீர்களா? வீட்டு பிரெட் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஈஸ்ட்டின் மேல் புகார். பெரும்பாலான வழக்குகளில் ஈஸ்ட் நிரபராதி.

கேள்வி: இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டை வெந்நீரில் போட்டுப் பத்து நிமிடம் வைத்தேன். நுரைக்கவே இல்லை. கெட்டுப்போன ஈஸ்ட்டா? (மதுரை வாசகி)

பதில்: குளிக்கிற வெந்நீரா, காபி போடுகிற வெந்நீரா? 55, 60 டிகிரியைத் தொட்டால் ஈஸ்ட் செத்துவிடும். தயிருக்கு உறை ஊற்றும்போது பாலில் விரல் விட்டுப் பார்ப்பீர்களே, அந்தச் சூடு போதும். அதோடு, இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டை ஊறவைக்க வேண்டியதே இல்லை. மாவோடு நேராகக் கலக்கலாம். உயிர் இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் மட்டும் நுரைக்க வைத்துப் பாருங்கள். பிரித்த பாக்கெட் இறுக்கமான டப்பாவுக்குள், டப்பா ஃப்ரீசருக்குள். அடுப்பு மேடையில் மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் ஆறு மாதம் கிடந்த ஈஸ்ட்டுக்காக எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

கேள்வி: பிரெட் செய்தேன். கல் மாதிரி வந்தது. ஏன்? (திருப்பூர் வாசகர்)

பதில்: கடிதம் மொத்தமும் இவ்வளவுதான். எந்த மாவு, எவ்வளவு தண்ணீர், எத்தனை நேரம் என்று ஒரு வார்த்தை இல்லை. டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டு மருந்துச் சீட்டுக்குக் கை நீட்டுவது போல இருக்கிறது.

ஊகித்துச் சொல்கிறேன்: மாவு கூடிவிட்டது. கையில் ஒட்டுகிறதே என்று பிசையும்போது ஒரு பிடி, உருட்டும்போது இன்னொரு பிடி போட்டிருப்பீர்கள். பிரெட் மாவு முதலில் ஒட்டத்தான் செய்யும். பத்து நிமிடம் விடாமல் பிசைந்தால் தானாகக் கையை விட்டுவிடும். சப்பாத்தி மாவின் இறுக்கத்தில் பிசைந்தால் கல்தான் வரும்.

அதற்கும் முன்னால், கப்பில் அளந்திருப்பீர்கள். மைதாவைக் கரண்டியால் தூவி நிரப்பினால் ஒரு கப் ஏறக்குறைய 120 கிராம். அதே கப்பை மாவுக்குள் அமுக்கி அள்ளினால் 150. மூன்று கப்பில் கிட்டத்தட்ட 100 கிராம் வித்தியாசம். அரிசி குக்கரோடு வந்த கப் என்றால் கணக்கே வேறு. ஒரு சமையலறைத் தராசு வாங்குங்கள். பிறகு இந்த அளவில் தொடங்குங்கள்: மைதா 300 கிராம், தண்ணீர் 190, சர்க்கரை 12, உப்பு 6, ஈஸ்ட் 3, வெண்ணெய் 20. ஓவனை 200 டிகிரிக்கு நன்றாகச் சூடாக்கிவிட்டு, அரை மணி நேரம் சுட வேண்டும். சரியாக வராவிட்டால் மறுபடி எழுதுங்கள், எண்களோடு.

கேள்வி: செய்முறையில் சொன்னபடியே மாவை மூடி, விளக்குப் போட்ட ஓவனுக்குள் ஒன்றரை மணி நேரம் வைத்தேன். பிரமாதமாகப் பொங்கியது. டின்னில் போட்டு மறுபடி ஒரு மணி நேரம் வைத்தேன். சுடும்போது நடுவில் குழி விழுந்துவிட்டது. கள் வாசனை வேறு. என்ன தப்பு செய்தேன்? (சென்னை வாசகி)

பதில்: உங்கள் கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். மே மாதம். சென்னையில், கத்திரி வெயிலில், மாவைக் "கதகதப்பான இடத்தில்" வைத்திருக்கிறீர்கள்! உங்களைத் திட்ட மாட்டேன். சமையலறை 20 டிகிரியில் இருக்கிற ஊர்க்காரர் தன் ஊருக்காக எழுதிய வரி அது. அவர் மேலும் தப்பில்லை. அதை அப்படியே தமிழில் இறக்கி, நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களே, அவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். வகுப்பு எடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்த ஒரு வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இட்லி மாவை நினைத்துப் பாருங்கள். மார்கழியில் ராத்திரி கரைத்து வைத்தால் விடிந்தபிறகும் அசையாமல் கிடக்கும். சித்திரையில் சாயங்காலம் கரைத்தால், தூங்கப் போவதற்குள் பாத்திரத்தை விட்டு வழிந்து மேடையில் ஓடும். கோடையில் மாவை ஃப்ரிட்ஜுக்குள் எப்போது தள்ள வேண்டும் என்று யாரும் கடிகாரம் பார்த்து முடிவு செய்வதில்லை. மூடியைத் திறந்து பார்க்கிறோம். பிரெட் என்று சொன்னவுடன் மட்டும் அந்த அனுபவத்தை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டு, அலாரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

நடந்தது இதுதான். சூடு பத்து டிகிரி கூடினால் ஈஸ்ட்டின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. 24 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் கேட்கும் மாவுக்கு 34 டிகிரியில் முக்கால் மணி போதும். உங்கள் மாவு அந்த முக்கால் மணியிலேயே தயார். மிச்ச நேரம் முழுவதும் ஈஸ்ட் இருக்கிற சர்க்கரையைத் தின்று வாயுவும் ஆல்கஹாலும் ஆக்கிக்கொண்டே இருந்தது. கள் வாசனை அங்கிருந்து வந்ததுதான். தாங்க முடியாத அளவுக்கு வாயு சேர்ந்ததும், வாயுவைப் பிடித்து வைக்கும் குளூட்டன் என்ற புரத வலை தளர்ந்து, ஓவன் சூட்டில் உட்கார்ந்துவிட்டது. மேல்தோல் சிவக்காமல் வெளிறிப் போயிருக்குமே? நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருந்திருக்கும். சிவப்பதற்குச் சர்க்கரை மிஞ்சியிருந்தால்தானே.

சென்ற மே மாத வகுப்பில் ஒரே மாவை இரண்டு கிண்ணங்களில் பிசைந்து காட்டினேன். ஒன்றுக்குக் குழாய்த் தண்ணீர். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து மதியம் வருகிற, கையைச் சுடுகிற தண்ணீர். இன்னொன்றுக்கு ஐஸ் தண்ணீர். நாற்பதாவது நிமிடத்தில் முதல் கிண்ணத்தின் மேல் மூடியிருந்த எவர்சில்வர் தட்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. எடுத்துப் பார்த்தால் நடுப்பகுதி சுருங்கி, அங்கங்கே கொப்புளம் உடைந்து, விரல் வைத்ததும் புஸ்ஸென்று இறங்கியது. இரண்டாவது கிண்ணத்தில் மாவு பாதிகூட ஏறவில்லை. மேல்பரப்பு வழுவழுவென்று இருந்தது. அதைத்தான் சுட்டுச் சாப்பிட்டோம்.

கணக்குப் பிடிக்கும் என்றால் இப்படிச் செய்யுங்கள். பிசைந்து முடித்த மாவு 26 டிகிரியில் இருக்க வேண்டும். அதை மூன்றால் பெருக்கினால் 78. அதிலிருந்து அறையின் சூட்டையும் பிசையாத உலர் மாவின் சூட்டையும் கழியுங்கள். இரண்டும் 34 என்றால் மிச்சம் 10. தண்ணீர் அந்தக் குளிர்ச்சியில் இருக்க வேண்டும். அதாவது ஃப்ரிட்ஜ் தண்ணீர். கணக்கு வேண்டாம் என்றால், சித்திரை வைகாசியில் ஈஸ்ட்டைப் பாதியாக்குங்கள். 300 கிராம் மாவுக்கு அரை டீஸ்பூன் போதும். எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி நேரான கண்ணாடித் தம்ளரில் அமுக்கி, மாவு நிற்கிற மட்டத்தில் ரப்பர் பேண்ட் போட்டு, கிண்ணத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். தம்ளரில் மாவு இரண்டு மடங்கு உயரம் ஏறியதும் கிண்ணத்து மாவும் தயார். அது முப்பத்தைந்து நிமிடமோ இரண்டு மணி நேரமோ, உங்களுக்குக் கவலை இல்லை. டின்னில் போட்ட பிறகு, விரலால் லேசாக அமுக்குங்கள். குழி மெதுவாக, பாதிதான் திரும்பி வந்தால் சுடலாம். உடனே எழும்பினால் இன்னும் நேரம் இருக்கிறது. எழும்பவே இல்லை என்றால் தாமதித்துவிட்டீர்கள்.

கேள்வி: இரண்டு மணி நேரமாகியும் மாவு அசையவில்லை. ஜனவரி மாதம். (குன்னூர் வாசகர்)

பதில்: மேலே உள்ள பதிலை நீங்கள் தலைகீழாகப் படிக்க வேண்டும். அணைத்திருக்கும் ஓவனுக்குள் ஒரு பாத்திரம் வெந்நீர், பக்கத்தில் மாவுக் கிண்ணம், கதவை மூடுங்கள். விளக்குப் போடுகிற யோசனை உங்களைப் போன்றவர்களுக்குத்தான்.

கேள்வி: முழுக் கோதுமை மாவில் மட்டும் செய்ய ஆசை. ஒவ்வொரு முறையும் செங்கல்தான் வருகிறது. (தஞ்சாவூர் வாசகி)

பதில்: எங்கே தொடங்கினீர்கள் என்று சொல்லவில்லை. முதல் பிரெட்டே முழுக் கோதுமை என்றால், சைக்கிள் பழகாமலே புல்லட்டில் ஏறியிருக்கிறீர்கள். சப்பாத்திக்கு அரைத்த மாவில் தவிடு இருக்கிறது. அது குளூட்டன் இழைகளை அறுக்கிறது. கல் சக்கியில் அரைபடும்போது மாவுச்சத்தின் துகள்களும் நிறைய உடைகின்றன. உடைந்த துகள் தண்ணீரை அதிகமாகக் குடிக்கும். சப்பாத்தி மிருதுவாக இருப்பதற்கு அது நல்லது, பிரெட்டுக்கு அவ்வளவு நல்லதில்லை. அதனால் மைதாவின் தண்ணீர்க் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். 300 கிராம் கோதுமை மாவுக்கு 210, 220 கிராம் தண்ணீர் பிடிக்கும். ஈஸ்ட், உப்பு சேர்க்கும் முன் மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து அரை மணி ஊறவிடுங்கள். தவிடு மெத்தென்றாகும். முதல் மாதம் பாதி மைதா, பாதி கோதுமை. கை பழகிய பிறகு மைதாவைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எல்லாவற்றையும் எடை போட்டு, கிராமில்.

கேள்வி: அப்பாவுக்கு ரத்த அழுத்தம். உப்பே போடாமல் செய்யலாமா? (கோவை வாசகர்)

பதில்: செய்யலாம். ஆனால் உப்புதான் ஈஸ்ட்டுக்குக் கடிவாளம். இல்லாவிட்டால் மாவு தறிகெட்டுப் பொங்கி, பிசுபிசுக்கும், ருசியும் சப்பென்று இருக்கும். மாவின் எடையில் வழக்கமான 2 சதவீதத்தை 1 ஆக்கிப் பாருங்கள். அதுவும் கூடுமா என்பதை அவருடைய டாக்டர் சொல்லட்டும்.

கேள்வி: ஓவன் இல்லை. பிரஷர் குக்கரில் சுடலாமா? (சேலம் வாசகி)

பதில்: கேஸ்கெட், வெயிட் இரண்டையும் எடுத்துவிட்டு என்றால் சுடலாம். ஆனால் நல்ல குக்கரைக் காலியாகச் சூடாக்கிக் கெடுக்க வேண்டாம். அடி கனத்த பழைய பாத்திரம், கனமான மூடி, அடியில் கல் உப்பு ஒரு படுகை, அதன் மேல் ஒரு வளையம் போதும். முழு பிரெட்டை விட பன் நன்றாக வரும். மேல்பக்கம் சிவக்காது, தோசைக்கல்லில் வெண்ணெய் தடவி ஒரு நிமிடம் கவிழ்த்து வையுங்கள்.

கேள்வி: சாதாரண மைக்ரோவேவ்? (திருச்சி வாசகர்)

பதில்: வராது.

கேள்வி: ஈஸ்ட் பிடிக்கவில்லை. புளித்த இட்லி மாவை ஊற்றிப் பொங்க வைத்தால் என்ன? (நாகர்கோவில் வாசகி)

பதில்: இட்லியைத் தூக்கிவிடுவது பெரும்பாலும் பாக்டீரியா. ஆவியில் வேகும் மாவுக்கு அந்தப் பலம் போதும். கனமான பிரெட் மாவைத் தூக்க ஈஸ்ட் வேண்டும். கோதுமை மாவும் தண்ணீரும் சம எடையில் கலந்து, தினமும் பாதியை எடுத்துவிட்டுப் புது மாவும் தண்ணீரும் ஊட்டி, ஒரு வாரம் பத்து நாள் வளர்த்தால் அதில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்தே குடியேறும். ஆப்பத்துக்குக் கள் ஊற்றினார்கள், கோவாவில் பிரெட் மாவுக்கும் கள் ஊற்றினார்கள்; எல்லாம் ஈஸ்ட்டுக்காகத்தான். ஈஸ்ட் ரசாயனம் என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அது உயிருள்ள பூஞ்சை.

கேள்வி: கடை பிரெட் மூன்று நாள் ஆனாலும் பஞ்சு மாதிரி இருக்கிறது. வீட்டு பிரெட் மறுநாளே வறட்டுகிறது. கடையில் பொட்டாசியம் புரோமேட் என்ற ரசாயனம் போடுகிறார்களா? (வேலூர் வாசகர்)

பதில்: புரோமேட்டை 2016இலேயே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை செய்துவிட்டது. கடை பிரெட் மிருதுவாக இருப்பது என்சைம்களாலும் எமல்சிஃபையர்களாலும். வீட்டில் கஞ்சி காய்ச்சுங்கள். மொத்த மைதாவிலிருந்து 20 கிராமை எடுத்து 100 கிராம் தண்ணீரில் கரைத்து, சின்னத் தீயில் கரண்டியின் தடம் பதியும் பதம் வரை கிளறி, ஆறவைத்து மாவோடு சேருங்கள். அந்தத் தண்ணீரை மொத்தத்தில் கழித்துக்கொள்ள மறக்காதீர்கள். தராசு இல்லாமல் இதைச் செய்ய முடியாது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

கேள்வி: ரோஸ் பாணை (எங்கள் ஊரின் தட்டையான, மொறுமொறுப்பான பிரெட்) வீட்டில் செய்ய முடியுமா? பேக்கரிப் போறணையின் (சூளை அடுப்பின்) மொறுமொறுப்பு வருமா? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: "பாண்" என்ற சொல்லைப் பார்த்ததுமே மனம் நிறைந்தது. பிரெட்டுக்குப் போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். மும்பையின் பாவும் அதே வீட்டுப் பிள்ளைதான். விறகுப் போறணையின் வாசத்தை வீட்டு ஓவனில் எதிர்பார்க்காதீர்கள். மொறுமொறுப்பு வரும். வெண்ணெயையும் சர்க்கரையையும் பெயரளவுக்குக் குறைத்து, டின்னில் போடாமல் தட்டையாகத் தட்டி, தட்டு உள்ளேயே காய்ந்திருக்க, 230 டிகிரியில் வையுங்கள். ஓவனுக்குள் ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, பத்து நிமிடத்தில் அதை எடுத்துவிட்டால் தோல் மெல்லியதாக வெடிக்கும்.

கேள்வி: சூடாக வெட்டினால் பிசுபிசுப்பாக இருக்கிறது. ஆறிய பிறகு ஃப்ரிட்ஜில் வைத்தால் இறுகிவிடுகிறது. வெளியே வைத்தால் இரண்டாம் நாள் பலாப்பழம் அழுகினது மாதிரி வாசனை, நடுவில் நூல் இழுக்கிறது. (விருதுநகர் வாசகி)

பதில்: மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள், மூன்றும் நல்ல கேள்வி. சூடாக வெட்டாதீர்கள், உள்ளே மாவுச்சத்து இன்னும் இறுகவில்லை. கம்பித் தட்டில் இரண்டு மணி நேரம் வையுங்கள். ஃப்ரிட்ஜ் குளிரில்தான் மாவுச்சத்து வேகமாக இறுகும். ஒரு நாளைக்குள் தீராது என்றால் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது நேராகத் தோசைக்கல்லில் போடுங்கள்.

நூல் இழுப்பது பெரிய விஷயம். மாவிலேயே இருக்கும் பேசில்லஸ் பாக்டீரியாவின் வித்துகள் ஓவன் சூட்டிலும் சாகாது. கோடைப் புழுக்கத்தில், ஆறாமல் கவரில் கட்டிய பிரெட்டில் முளைத்துவிடும். அந்த பிரெட்டை மாட்டுக்குக்கூடப் போடாமல் எறியுங்கள். அடுத்த முறை 300 கிராம் மாவுக்கு ஒரு டீஸ்பூன் வினிகர் சேருங்கள். அதற்கு முன்னால் டின், கத்தி, பலகை, மாவு டப்பா எல்லாவற்றையும் வினிகர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள். டப்பாவில் மிச்சமிருக்கும் மைதாவைப் பிரெட்டுக்கு எடுக்க வேண்டாம்.